வானிலைக்கு முழு மார்க்

செப்டம்பர் 4

குட்டி அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்றுதான் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதினால்தானே தெரியும்.

மழைக்கு நீங்கள் அனுப்பிய இருபது பிரெஞ்சு வார்த்தைகளும் வந்து சேர்ந்தன. தூறலுக்கு ஒன்று, திடீரென்று கொட்டி நிற்கும் மழைக்கு ஒன்று, பனியும் தண்ணீரும் கலந்து விழுவதற்கு ஒன்று. பட்டியலைக் காஜா மெஷினுக்கு மேலே ஊசி குத்தி மாட்டியிருக்கிறேன். சட்டைக்குப் பொத்தான் துளை போடும்போது ஒரு துளைக்கு ஒரு வார்த்தை. ப்ருயின், தட்டு. அவெர்ஸ், தட்டு. பட்டறையில் எனக்கு 'வானிலை அறிக்கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் நான் உள்ளே நுழைந்தாலே, "இன்னிக்குக் குடை வேணுமா?" என்று ஒருத்தி கேட்கிறாள்.

எனக்கு ஒரு சந்தேகம். 'இல்' என்றால் 'அவன்' என்றீர்கள். குளிர் என்றால் அவன் குளிர் பண்ணுகிறான், வெயில் என்றால் அவன் வெயில் பண்ணுகிறான். யார் இந்த அவன்? எல்லாவற்றையும் செய்துவிட்டு முகமே காட்டுவதில்லையே. எனக்குத் தெரிந்த ஒருவரைப் போலவே இருக்கிறான்.

விளையாட்டு போதும். மனைவி பிரெஞ்சுப் பேச்சுப் பரீட்சையில் பாஸ் செய்தால்தான் விசா என்று நீங்கள் சொன்னபோது குட்டிக்கு நாலு வயது. இப்போது ஏழு. இந்த நவம்பரில் பரீட்சை எழுதிவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் கொடுக்க வேண்டிய அழைப்பு மனு எந்த நிலையில் இருக்கிறது? போனில் கேட்கலாம் என்றால் போன் அத்தை கையிலேயே இருக்கிறது. என் முறை வரும்போது நீங்கள் "சரி, வெச்சிடறேன்" என்கிறீர்கள்.

பயிற்சி வழக்கம்போல் பின்பக்கத்தில். திருத்தி அனுப்புங்கள். முன்பக்கத்தையும் படியுங்கள்.

குட்டி அம்மா


செப்டம்பர் 23

குட்டி அம்மாவுக்கு,

உன் தாளைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதினொரு தப்பு. சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன், பார். தூறலையும் மூடுபனியையும் இன்னும் குழப்புகிறாய். இங்கே அப்படிக் குழப்பினால் சிரிப்பார்கள்.

நவம்பர் வேண்டாம், அவசரப்படாதே. இங்குள்ளவர்கள் பேச்சை வானிலையில் தொடங்கி வானிலையிலேயே முடிப்பார்கள். பரீட்சையிலும் அதுதான். அதில் தடுமாறினால் வேறு எதுவும் கேட்கவே மாட்டார்கள். இதுவரை உனக்கு நூற்றுப் பத்து வார்த்தைகள் வந்திருக்கின்றன. குறைந்தது இருநூறாவது வேண்டும்.

உறைபனிக்கான பட்டியல் வைத்திருக்கிறேன். 'ஜீவ்ர்' என்பது கண்ணாடியில் பூக்கும் பனி. 'வெர்க்லா' என்பது தரையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து கிடப்பது, காலை வைத்தால் ஆள் காலி. இந்த இரண்டையும் மாற்றிவிடாதே.

மனு நடந்துகொண்டிருக்கிறது. முன்பக்கம் படித்தேன். அம்மாவைக் கொஞ்சம் அனுசரித்துப் போ.

இன்று இங்கே வானம் மூட்டமாக இருக்கிறது.


அக்டோபர் 15

குட்டி அப்பாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை என் அப்பா போய்விட்டார். காலையில் பல் விளக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். நான் பட்டறையில் இருந்தேன். தகவல் வந்தபோது கையில் ஒரு சட்டை பாதியில் இருந்தது, அதை முடித்துவிட்டு எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

உங்கள் அம்மாவிடம் அத்தனை முறை போனில் சொல்லச் சொன்னேன். நீங்கள் "அப்படியா" என்றீர்களாம். அதற்குப் பிறகு இணைப்பு சரியில்லையாம்.

பின்பக்கத்தில் இருப்பது அதற்கு முந்தின நாள் எழுதிய பயிற்சி. வேறு தாள் எடுக்கத் தோன்றவில்லை.


நவம்பர் 6

குட்டி அம்மாவுக்கு,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முன்பக்க ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். பின்பக்கம் பரவாயில்லை, மூன்றே தப்பு. நல்ல முன்னேற்றம்.

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. இந்தத் துக்கத்தில் நீ பரீட்சைக்குப் போவது சரியாக வராது. வசந்த காலத்துக்குத் தள்ளி வை. அதற்குள் காற்று வகைகளை முடித்துவிடலாம்.

குட்டியைப் பார்த்துக்கொள். உன்னையும்.


டிசம்பர் 1

ஐயா,

என் அப்பா செத்ததற்கு நீங்கள் எழுதிய வரி இதோ: "கேட்டு மிகவும் வருந்தினேன்." சிவப்பு மையில். பின்பக்கம் திருத்திய அதே பேனாவால். அந்த வரியையும் நான் தப்பு என்று எண்ணி முதலில் தேடினேன், எந்த வார்த்தையில் வட்டம் என்று. ஒரு பேனாவை வைத்துவிட்டு இன்னொரு பேனாவை எடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

உங்களைக் கேட்காமல் நவம்பர் இருபத்தேழாம் தேதி பரீட்சைக்குப் போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ரொட்டிக்கடைக்காரி நின்றாள். எத்தனை நாள் படித்தாய் என்று கேட்டேன். மூன்று மாதம் என்றாள். நான் மூன்று வருஷம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், ஏதோ பெரிய பட்டம் வாங்க வந்தவள் என்று நினைத்திருப்பாள்.

உள்ளே ஒரு அம்மாள். ஜன்னலைக் காட்டி, இன்று வானம் எப்படி என்று கேட்டார். நான் ஆரம்பித்தேன். வெயில் என்றேன், லேசான காற்று என்றேன், நேற்று மூட்டம், நாளை தூறலாம், ஆனால் இடி இருக்காது, ஆலங்கட்டி இருக்காது, தரையில் வெர்க்லா இருக்காது, எனவே யாரும் விழ மாட்டார்கள் என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எழுந்து கை தட்டாத குறை.

அப்புறம் இரண்டாவது கேள்வி கேட்டார். எனக்குப் புரியவில்லை. மூன்றாவது, நாலாவது, ஒன்றும் புரியவில்லை. எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் எப்படிச் சொல்வாய் என்று கேட்டிருக்கிறார். இதெல்லாம் வெளியே வந்த பிறகு ரொட்டிக்கடைக்காரி சொல்லித்தான் தெரியும், அவளிடமும் இதையேதான் கேட்டார்களாம். நான் கடைசியில் "காற்று அடிக்கிறது" என்றேன். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்க் பட்டியல் வந்துவிட்டது. வானிலை, இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. குடும்பம், பூஜ்யம். கடைத்தெரு, பூஜ்யம். உடல்நலம், பூஜ்யம்.

அத்தை மார்க்கைப் பார்த்துவிட்டு, "அவன் எவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தான், மக்கு மண்டைல ஏறணுமே" என்றார். குட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மூன்று வருஷமாக என்னை எதற்கு வானத்திலேயே நிறுத்தி வைத்தீர்கள்? நான் அங்கே வருவது உங்களுக்கு வேண்டாம் என்றால் ஒரே வரியில் எழுதுங்கள். பின்பக்கம் இந்த முறை காலி.


டிசம்பர் 28

குட்டி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ சந்தேகப்படுவது போல வேறு யாரும் இல்லை. சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

நான் அலுவலகத்தில் வேலை பார்க்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் இருக்கிறேன். தரைக்குக் கீழே இரண்டாவது தளம், ஜன்னல் கிடையாது. வார்டுகளிலிருந்து விரிப்புகள் ஒரு குழாய் வழியாக வந்து விழும். துவைத்ததை நானும் இன்னொருவரும் ஆளுக்கொரு முனை பிடித்துச் சூடான உருளைக்குள் விடுவோம். அவர் வேறு ஏதோ தேசம். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. தலையாட்டிக்கொள்வோம். வந்த முதல் மாதம் அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று சொன்னேன், ஒரு மாதத்தில் மாறிவிடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அப்புறம் இறங்கி வர முடியவில்லை.

இங்கே என்னிடம் பேசுவது லிஃப்டில் மட்டும்தான். மேலேயிருந்து கீழே வரும் அந்த முப்பது விநாடி. நர்சோ மேஸ்திரியோ கூட இருந்தால் ஏதாவது சொல்வார்கள், அது வானிலையாகத்தான் இருக்கும். அவர்கள் தோளிலிருந்து எதைத் தட்டிவிடுகிறார்களோ, அதற்கு அதுதான் பெயர் என்று புரிந்துகொள்வேன். ஒருநாள் ஒருவர் கையில் கட்டோடு வந்து வெர்க்லா என்றார். அப்படித்தான் அந்த வார்த்தை வந்தது. மீதியை சின்னப் பிள்ளைகள் படிக்கும் ஒரு வானிலைப் படப் புத்தகத்தில் எடுத்தேன். உனக்கு அனுப்பிய பட்டியல்கள் எல்லாம் அதிலிருந்துதான். வகுப்புக்குப் போனேன், இரண்டு வாரம். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நின்றுவிட்டேன்.

சிவப்புப் பேனா வார்டு துணியில் எண் குறிக்கும் பேனா. என்னிடம் வேறு பேனா இல்லை. உன் அப்பா விஷயத்தில் எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ சரியாக எழுதிய சில வாக்கியங்களையும் வட்டம் போட்டிருக்கிறேன். எல்லாம் சரி என்று எழுதிவிட்டால் நீ பரீட்சைக்குக் கிளம்பிவிடுவாய் என்று பயம்.

மனு நடக்கவில்லை. அழைக்கிற கணவனையும் நேரில் கூப்பிட்டுப் பிரெஞ்சில் கேள்வி கேட்கிறார்கள். இரண்டு முறை போனேன். அந்த அதிகாரி வீட்டில் எத்தனை அறை என்று கேட்டார். வெளியே குளிர் என்றேன். மூன்றாவது முறை ஏப்ரலில் வருகிறது, இந்த மனுவுக்கு அதுதான் கடைசி. இந்த முறை கேள்விகளை முன்கூட்டியே தந்திருக்கிறார்கள், பன்னிரண்டு கேள்வி, எல்லாம் உன்னைப் பற்றியும் குட்டியைப் பற்றியும். உன் பிறந்த தேதி, நீ செய்யும் வேலை, குட்டி எந்த வகுப்பு, அவளுக்கு என்ன ஆபரேஷன் நடந்தது. நீ எல்லாம் எழுதியிருப்பாய். ஆனால் உன் தாள்களை எல்லாம் திருத்தி உனக்கே அனுப்பிவிட்டேன். கடைசியாக வந்ததைத் தவிர என்னிடம் உன் கடிதம் ஒன்றுகூட இல்லை. கேள்விகளை இத்துடன் வைத்திருக்கிறேன், பதில்களை எழுதி அனுப்பு.

அம்மாவிடம் சொல்லாதே.


ஜனவரி 20

குட்டி அப்பாவுக்கு,

நாற்பத்தோரு தாள்கள். பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினேன். ஒருபக்கம் என் வாழ்க்கை, ஒரு கோடுகூட இல்லை. மறுபக்கம் மழையும் காற்றும், முழுக்கச் சிவப்பு. குட்டிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்ததை நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் திருப்பி, ஆலங்கட்டிக்கு எழுத்து தப்பு என்று போட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் துணி துவைக்கிறீர்கள் என்பது எனக்கு ஒன்றுமே இல்லை. நான் பொத்தான் துளை போடுகிறேன். நாம் இரண்டு பேரும் மற்றவர்கள் உடுத்துவதற்காக உழைக்கிறோம், இதில் என்ன வெட்கம்? லிஃப்ட் பற்றி எழுதியிருந்ததைப் படித்து அழுதேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அழுதுவிட்டு முகம் கழுவிய பிறகு எனக்குக் கோபம் அதிகமாகத்தான் ஆனது.

மூன்று வருஷம் நான் மக்கு என்று நம்பினேன். அத்தை சொன்னார், நம்பினேன். நீங்கள் வட்டம் போட்டீர்கள், நம்பினேன். குட்டி வீட்டுப்பாடத்தில் ஏதாவது கேட்டால், "அம்மாவுக்குத் தெரியாது, டீச்சரைக் கேள்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். சரியாக எழுதியதற்கும் வட்டம் போட்டேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்கள்.

ரொட்டிக்கடைக்காரி படித்த வகுப்பில் சேர்ந்துவிட்டேன். மருந்துக் கடை மாடியில், வேலை முடிந்து வாரத்துக்கு நாலு மாலை. டீச்சர் முதல் நாள் என்னைப் பேசச் சொல்லிவிட்டு, "காது நல்ல காது. யார் சொன்னது உங்களுக்கு வராதுன்னு?" என்றார்.

பன்னிரண்டு பதில்களும் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. நான் மக்கு இல்லை என்று உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்ல வேண்டும். சலவையைச் சொல்ல வேண்டாம், ஆபீஸ் என்றே இருக்கட்டும். இதை மட்டும் சொல்லுங்கள்.


பிப்ரவரி 17

குட்டி அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தேன். அம்மா உடம்பு எப்படி இருக்கிறது என்றார். பிறகு அங்கே குளிரா என்றார். குளிர்தான் என்றேன். அதற்குமேல் போகவில்லை.

உன்னை மக்கு இல்லை என்றால், பிறகு ஏன் தேறவில்லை என்று கேட்பார். பேட்டி முடியட்டும், நீங்கள் இருவரும் இங்கே வந்த பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்போது பதில்களை அனுப்பு. நாள் நெருங்குகிறது. உன் கோபத்தைக் குட்டியின் தலையில் இறக்காதே.


மார்ச் 22

குட்டி அப்பாவுக்கு,

பாஸ். நூற்றுக்கு எண்பத்து மூன்று. குடும்பம் இருபத்தொன்று, உடல்நலம் இருபது, கடைத்தெரு பத்தொன்பது. வானிலையில் இந்த முறை இருபத்து மூன்றுதான். வேண்டுமென்றே சுருக்கமாகச் சொன்னேன், வாய் மூடி வெளியே வர வேண்டும் என்று இருந்தது.

அத்தை பக்கத்து வீட்டுக்குப் போய், "எல்லாம் எம் பையன் சொல்லிக்கொடுத்தது" என்றார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்லவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

ஆனாலும் அனுப்புகிறேன், குட்டிக்காக. "அப்பா வீட்ல நமக்கு எத்தனை ரூம்?" என்று கேட்கிறாள். பன்னிரண்டு பதில்களையும் நானே பிரெஞ்சில் எழுதி, தமிழ் எழுத்தில் உச்சரிப்பும் கீழே அர்த்தமும் போட்டிருக்கிறேன். தினம் இரண்டாக மனப்பாடம் செய்யுங்கள். உருளையில் விரிப்பு விடும்போது சொல்லிக்கொண்டே செய்யலாம், எனக்கு அப்படித்தான் வந்தது.

பதினோராவது கேள்வியைக் கவனியுங்கள். மனைவி பிரெஞ்சு யாரிடம் கற்றார்? பதில், மருந்துக் கடை மாடியில் நடக்கும் வகுப்பில், டீச்சரிடம். அதை அப்படியே சொல்லுங்கள். அதே நாளில் என்னையும் போனில் அழைத்து அதே பன்னிரண்டையும் கேட்பார்களாம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று டீச்சர் சொன்னார். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம்.


மே 2

குட்டி அம்மாவுக்கு,

தபால் வந்துவிட்டது. மனு தள்ளுபடி. கணவன் சொன்னதும் மனைவி சொன்னதும் முரண்படுகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி போட முடியும்.

பத்துக் கேள்விக்கு நீ எழுதியபடி அட்சரம் பிசகாமல் சொன்னேன். அதிகாரி நன்றாக முன்னேறியிருக்கிறீர்கள் என்றார். எனக்கு இங்கே யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்புறம் உன் மார்க்கைப் பார்த்துவிட்டு, உங்கள் மனைவி நன்றாகப் பேசுவார் போலிருக்கிறதே, யார் கற்றுக்கொடுத்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் சட்டைப் பையில் உன் தாள் இருந்தது. பதில் தொண்டை வரை வந்தது. ஆனால் என்ன சொல்ல, மூன்று வருஷம் வேலை முடிந்து கட்டிலில் உட்கார்ந்து முழங்கால்மேல் வைத்து உனக்குத்தான் பட்டியல் எழுதினேன். அதற்கு ஒரு பேர் கிடையாதா? "நான்தான்" என்றேன்.

நீ அங்கே ஒரு வார்த்தை, என் கணவரும் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்லியிருந்தால் கோப்பு நகர்ந்திருக்கும். உனக்கு அதற்கு மனம் வரவில்லை. டீச்சர் பேர் மட்டும் நன்றாக வாயில் வந்திருக்கிறது.

அம்மாவிடம் அலுவலகத் தாமதம் என்று சொல்லியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.


மே 24

குட்டி அப்பாவுக்கு,

என்னிடம் நாளைக்கு மறுபடி கேட்டாலும் டீச்சர் என்றுதான் சொல்வேன். நீங்கள் யாரோ ஒரு அதிகாரியிடம், இனி ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு மனிதரிடம்கூட உள்ளதைச் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு வார்த்தைப் பெருமை, எங்களுக்கு இரண்டு வருஷம்.

குட்டியிடம் சொல்லிவிட்டேன், இப்போது போகவில்லை என்று. அறைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து மறுபடி மனு போடுவீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் போட்டாலும் நான் கையெழுத்துப் போடுவேனா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குக் கேட்டால் மாட்டேன். டீச்சர் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாரம் இரண்டு நாள் என்னைச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார். முதல் பாடமாகப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எப்படிச் சொல்வது என்பதை வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். நீங்கள் சொல்லாதே என்று எழுதியதைச் செய்துவிட்டேன். உங்கள் டிசம்பர் கடிதத்தையும் மே கடிதத்தையும் அத்தையை உட்கார வைத்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். பழிவாங்கத்தான் வாசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். சலவை, பொய், சரியானதற்குப் போட்ட வட்டம், எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தெருவுக்கு என்ன சொல்வது என்று தலையில் அடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த லிஃப்ட் இடத்தை மறுபடி படி" என்றார். படித்தேன். கையில் இருந்த போனைப் பார்த்தார். அப்புறம், "அப்ப எம் பிள்ளைக்கு அங்க பேச ஒரு ஆளுகூட இல்லையா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் அவர் கேட்டது. இந்த ஒரு கேள்வி வந்துவிடக்கூடாது என்றுதான் நீங்கள் என்னை மூன்று வருஷம் மக்காக வைத்திருந்தீர்கள்.